சீனியர்ஸ் பில்டிங்கை இடித்துக் கட்டப்போகிறார்கள்: அம்மா எப்போது, எங்கே, எத்தனை தரம் மாற வேண்டும்?

கேள்வி ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவிலிருந்து வந்தது. வருமானத்துக்கேற்ற வாடகையில் முதியவர்கள் வாழும் ஒரு கட்டடத்தில் கேட்டவரின் அம்மா பல வருடமாகத் தனியாக இருக்கிறார். வயது 81. கட்டடம் பழசாகிவிட்டது, இடித்து இன்னும் உயரமாகக் கட்டும் யோசனை இருக்கிறது, குடியிருப்பாளர்களின் கருத்தைக் கேட்கக் கூட்டம் வைக்கிறோம் என்று கடிதம் வந்திருக்கிறது. "எல்லாவற்றையும் முடிவெடுத்துவிட்டுத்தானே கூப்பிடுவார்கள், போய் என்ன பயன்? போனால் என்ன கேட்பது?" என்கிறார்.

கட்டாயம் போங்கள், அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். இப்படியான கூட்டங்களில் தமிழ் மொழிபெயர்ப்புக்கு நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன். முதல் கூட்டத்தில் வழக்கமாக அழகான படங்களைச் சுவரில் ஒட்டி வைத்திருப்பார்கள். பூந்தோட்டம் வேண்டுமா, உடற்பயிற்சி அறை வேண்டுமா, வெளிச்சுவர் எந்த நிறத்தில் இருக்கலாம் என்று கேட்டு, பிடித்த படத்தில் ஒட்டச் சொல்லி வட்ட ஸ்டிக்கர் தருவார்கள். ஒட்டுங்கள், அதில் தவறில்லை. ஆனால் 81 வயதுக்காரருக்கு முதல் கேள்வி வேறு. எந்த ஒழுங்கில் இடித்து, எந்த ஒழுங்கில் கட்டப்போகிறீர்கள்? நான் எத்தனை தரம் வீடு மாற வேண்டும்? இடையில் எங்கே இருப்பேன், எத்தனை வருடம்? இதற்குப் பதில் கிடைக்கும்வரை மற்றதெல்லாம் இரண்டாம் பட்சம்தான்.

இதை ரீஜன்ட் பார்க்கை வைத்துப் பார்த்தால் விளங்கும். ரொறன்ரோ நகர மையத்துக்குக் கிழக்கே, 69 ஏக்கரில், 1940களின் பிற்பகுதியிலிருந்து கட்டப்பட்ட குடியிருப்பு அது. 2,083 வீடுகள், அத்தனையும் வருமானத்துக்கேற்ற வாடகை. தமிழ்க் குடும்பங்களும் அங்கே இருந்தன. 2005-இல் இடிக்கத் தொடங்கினார்கள். வெளியேறியவர்களுக்குத் திரும்பி வரும் உரிமை எழுத்தில் கொடுக்கப்பட்டது, நகர்த்தும் செலவும் நிர்வாகத்தினுடையது. முதல் கட்டப் புதுவீடுகளுக்கு ஆட்கள் வரத் தொடங்கியது 2009-இல். திட்டத்தின் கடைசிக் கட்டங்களில் இன்னும் வேலை நடக்கிறது. மாற்றுவீடுகளில் ஒரு பகுதி பழைய வளாகத்துக்கு வெளியே, நகர மையத்தின் வேறு தெருக்களில் கட்டப்பட்டது. முப்பது வயதில் இரண்டு பிள்ளைகளோடு வெளியேறிய ஒருவருக்கு நான்கு வருடம் கஷ்டமான காலம், ஆனாலும் திரும்பி வரலாம். 81 வயதில் வெளியேறுபவர் திரும்பும்போது 85. அந்த நான்கு வருடத்துக்குள் பழக்கமான குடும்ப வைத்தியரும், பக்கத்து வீட்டுக்காரரும், கோயிலுக்கு ஏற்றிப்போகும் ஆளும் கைவிட்டுப் போயிருப்பார்கள். நினைவு தடுமாறத் தொடங்கியவர் என்றால் புது வீட்டில் குளியலறைக்கு வழி தேடியே விழுந்துவிடக்கூடும். திரும்பி வரும் உரிமை தாளில் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கும். வயதானவருக்கு அதன் பெறுமதி நாளுக்கு நாள் குறையும். அதனால்தான் முதியோர் கட்டடத்தில் குடியிருப்பாளர் பங்கேற்பு என்றால் அது காலவரிசையில் தொடங்க வேண்டும் என்கிறேன்.

நீங்கள் கேட்க வேண்டியதைத் தெளிவாகச் சொல்கிறேன்: முதலில் புதுக் கட்டடத்தைக் கட்டுங்கள், எங்களை அதற்குள் மாற்றுங்கள், அப்புறம் பழசை இடியுங்கள். ஒரேயொரு மாற்றம். ஸ்காபரோவின் பழைய முதியோர் கட்டடங்கள் பலவற்றைப் போய்ப் பாருங்கள். கட்டடத்தைச் சுற்றிப் பெரிய வாகனத் தரிப்பிடம், புல்வெளி. கார் வைத்திருக்கும் முதியவர்கள் அதில் எத்தனை பேர்? அந்தத் தரிப்பிடத்தில் முதல் கோபுரம் எழும்ப முடியுமா என்பது கட்டடக் கலைஞர் வரைவதற்கு முன் தீர்க்க வேண்டிய கேள்வி. வரைபடம் முடிந்து, அத்திவாரம் எங்கே, நிலக்கீழ்த் தரிப்பிடத்துக்கு இறங்கும் பாதை எங்கே என்று முடிவான பின் கேட்டால், "இனி மாற்ற ஏலாது" என்பார்கள். அவர்கள் சொல்வதும் அப்போது உண்மையாகவே இருக்கும். இடம் போதாத வளாகங்களும் உண்டு. அப்படியென்றால் அடுத்த கேள்வி, அதே சுற்றுவட்டாரத்தில், அதே பஸ் பாதையில் இருக்கும் இன்னொரு கட்டடத்தில் காலியாகும் வீடுகளை இப்போதிருந்தே எங்களுக்காக ஒதுக்கி வைப்பீர்களா என்பது.

முதலில் கட்டிவிட்டு இடிப்பது கற்பனையான கோரிக்கை இல்லை. சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1995 முதல் பழைய புளொக்குகளைத் தெரிந்தெடுத்து இடித்துக் கட்டும் திட்டத்தை அந்த முறையில்தான் நடத்தி வந்தது. பக்கத்தில் புதுவீடு எழும்பிய பிறகுதான் பழையதைவிட்டு மாறுவார்கள். அங்கே இருப்பவர்கள் வாடகைக்காரர் அல்ல, 99 வருடக் குத்தகையில் வீட்டை வாங்கியவர்கள். அதனால் அவர்களுக்குப் பிரச்சினை வேறு பக்கத்தால் வந்தது. 2022 ஏப்ரலில் அங் மோ கியோ அவென்யூ 3-இல் நான்கு புளொக்குகள், 606 வீடுகள், இத்திட்டத்தில் சேர்க்கப்பட்டன. பழைய வீட்டுக்குக் கிடைக்கும் இழப்பீடு, அதே அளவான புதுவீட்டின் விலைக்குப் போதாது, கையிலிருந்து மேலும் போட வேண்டும் என்று அங்கிருந்த முதியவர்கள் பலர் பயந்தார்கள். எழுபது வயதுக்காரருக்கு 99 வருடப் புதுக்குத்தகை எதற்கு? அவர்கள் சத்தமாகக் கேட்டார்கள், பத்திரிகைகளிலும் வந்தது. யூலையில் கழகம் 50 வருடக் குத்தகையில் மலிவாக மாற்றுவீடு எடுக்கும் வழியைக் கொண்டுவந்தது. அறிவித்து ஏறக்குறைய மூன்று மாதத்தில் ஒரு பெரிய அரச அமைப்பு தன் விதியைத் திருத்தியது. அந்த முதியவர்கள் திருத்த வைத்தது கட்டடத்தின் தோற்றத்தை அல்ல, காசும் காலமும் பற்றிய ஒரு விதியை.

சரி, ரொறன்ரோவில் உங்கள் கையில் என்ன இருக்கிறது?

முதலில் யாரோடு கதைக்கிறீர்கள் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். நகரத்துக்குச் சொந்தமான முதியோர் கட்டடங்கள் 83. அவற்றை 2022 யூன் 1 முதல் ரொறன்ரோ சீனியர்ஸ் ஹவுசிங் கோர்ப்பரேஷன் நடத்துகிறது. கட்டடங்களின் உரிமை நகரத்தின் வீடமைப்பு நிறுவனமான ரொறன்ரோ கம்யூனிட்டி ஹவுசிங்கிடம். வாடகைச் சீட்டு ஓரிடத்திலிருந்து வரும், இடிப்பதா இல்லையா என்ற தீர்மானம் இன்னோரிடத்தில் நடக்கும், கடைசி அனுமதி நகரசபையில். தனியார் கட்டுமான நிறுவனம் கூட்டுச் சேர்ந்தால் நாலாவதாக ஒருவரும் மேசையில் இருப்பார். தேவாலயமோ இலாபநோக்கற்ற சங்கமோ நடத்தும் கட்டடம் என்றால் கணக்கு வேறு. "இதை முடிவு செய்வது யார், எந்தத் திகதியில், எந்தக் கூட்டத்தில்?" என்று கேளுங்கள். பதில் சொல்பவர் தடுமாறினால், உங்கள் கருத்து எங்கே போய்ச் சேரும் என்று அவருக்கே தெரியவில்லை என்று அர்த்தம். அதைத் தெரிந்துகொண்டு வந்து சொல்லச் சொல்லுங்கள்.

ரொறன்ரோவின் அதிகாரபூர்வ நகரத் திட்டத்தில் சமூக வீடுகளுக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. இடிக்கப்படும் வீடுகளுக்கு ஈடாக அதே வாடகை மட்டத்தில் வீடுகள் கட்டப்பட வேண்டும், குடியிருந்தவர்களுக்கு இடமாற்ற உதவியும் திரும்பி வரும் உரிமையும் வேண்டும். நகரத்துக்குச் சொந்தமான கட்டடங்களில் இடைக்காலத்திலும் வருமானத்தில் 30 வீதம் என்ற வாடகைக் கணக்கு தொடரும். ஆகவே அம்மா தெருவில் நிற்பாரோ என்ற பயத்தை முதலில் விட்டுவிடலாம். இடிப்பதற்காக வெளியேற்ற வேண்டுமானால் என்-13 என்ற படிவத்தில் குறைந்தது 120 நாள் முன்னறிவித்தல் தர வேண்டும் என்பது மாகாணச் சட்டம். பெரிய திட்டங்களில் நிர்வாகம் அதற்கு வெகு முன்பே பேச்சைத் தொடங்கிவிடும். இப்போது வந்திருப்பது அந்தப் படிவம் இல்லையென்றால் யாரும் அவசரப்பட்டு எதிலும் கையெழுத்து வைக்கத் தேவையில்லை.

நில வகைப்பாட்டை மாற்ற வேண்டிய திட்டமாக இருந்தால் சட்டப்படி ஒரு பொதுக்கூட்டம் நடக்க வேண்டும், குறைந்தது 20 நாள் முன் அறிவித்தல் வேண்டும். அங்கே யாரும் வாயாலோ எழுத்தாலோ கருத்துச் சொல்லலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். முன்பெல்லாம் அந்தக் கூட்டத்தில் கருத்துச் சொன்ன ஒருவர், நகரசபையின் முடிவு பிடிக்காவிட்டால் மாகாணத் தீர்ப்பாயத்துக்கு மேன்முறையீடு செய்யலாம். 2024 யூனில் நிறைவேறிய மாகாணச் சட்டம் சாதாரண வாடகைக்காரரின் அந்த வழியை அடைத்துவிட்டது. இது எனக்குக் கவலையான மாற்றம். நடைமுறையில் இதன் விளைவு, கடைசியில் எதிர்த்து நிறுத்தலாம் என்ற நம்பிக்கை இனி வாடகைக்காரருக்கு இல்லை. வாசலிலேயே, தொடக்கத்திலேயே நுழைந்தால்தான் உண்டு.

தொடக்கம் என்பது உண்மையிலேயே தொடக்கமா என்று சோதிக்க இங்கிலாந்தில் ஒரு நல்ல உரைகல் இருக்கிறது. 1985-இல் லண்டனின் பிரென்ட் பகுதியில் பாடசாலைகளை மூடுவது பற்றிய வழக்கு ஒன்றில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட நான்கு நிபந்தனைகள் அவை. திட்டம் இன்னும் உருவாகும் நிலையில் இருக்கும்போதே கேட்க வேண்டும். யோசித்துப் பதில் சொல்லப் போதுமான விபரம் தர வேண்டும். போதுமான நேரம் தர வேண்டும். வந்த பதில்களை மனச்சாட்சியோடு கவனத்தில் எடுக்க வேண்டும். பிரித்தானிய உச்ச நீதிமன்றம் 2014-இல் இவற்றை உறுதி செய்தது. கனடாவில் இதைக் காட்டி வழக்கு வெல்லலாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு கூட்டத்துக்குப் போகுமுன் இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி வைத்து ஒவ்வொன்றாகப் பொருத்திப் பாருங்கள், அந்தக் கூட்டத்தின் தரம் உடனே தெரிந்துவிடும்.

தெற்கு லண்டனில் கிரெசிங்ஹம் கார்டன்ஸ் குடியிருப்பில் லாம்பெத் நகரசபை, திருத்துவதிலிருந்து முழுதாக இடிப்பது வரை ஐந்து வழிகளைக் காட்டி ஆட்களிடம் கருத்துக் கேட்டது. பாதியில், காசு போதாது என்று திருத்தும் வழிகளைத் தூக்கிவிட்டு இடிப்பதையே மிச்சம் வைத்தது. 2015 நவம்பரில் உயர் நீதிமன்றம் அந்தக் கலந்தாலோசனை சட்டவிரோதம் என்றது. குடியிருப்பாளர்கள் வென்றார்கள். ஆனால் நகரசபை மறுபடி முறைப்படி கேட்டு, 2016-இல் மறுபடி இடிப்பதற்கே தீர்மானித்தது. முறையைக் காப்பாற்றினால் முடிவும் நமக்குச் சாதகமாகிவிடும் என்று நம்பியிருக்க முடியாது. அதனால் "பழசையே திருத்த முடியாதா?" என்பதையும் உங்கள் கேள்விகளில் சேர்த்துக்கொண்டு, திருத்தும் செலவும் இடித்துக் கட்டும் செலவும் அருகருகே எழுதிய கணக்கைக் கேளுங்கள். கணக்கு இல்லாமல் "திருத்த ஏலாது" என்ற வாய்ச்சொல்லை ஏற்க வேண்டாம். கட்டடப் பொறியியலாளரின் அறிக்கை இருந்தால் அதன் சுருக்கத்தையாவது தமிழில் கேளுங்கள்.

லண்டனில் 2018 யூலை முதல் இன்னொன்றும் இருக்கிறது. சமூக வீடுகளை இடித்து 150 அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகளைக் கட்டும் திட்டத்துக்கு லண்டன் மேயரின் நிதி வேண்டுமானால் குடியிருப்பாளர்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். 16 வயதானவர்களுக்கும் வாக்கு உண்டு. வாக்கெடுப்புக்கு முன் வீட்டுரிமையாளர் எழுத்தில் ஒரு வாக்குறுதிப் பத்திரம் தர வேண்டும்: எத்தனை வீடு, என்ன வாடகை, யார் திரும்பலாம். எனக்கு வாக்கைவிட அந்தப் பத்திரம் முக்கியமாகப் படுகிறது. ஒன்ராறியோவில் வாக்கெடுப்பு கட்டாயமில்லை. ஆனால் அப்படியொரு பத்திரத்தை நாம் கேட்பதைத் தடுப்பதற்கும் ஒன்றுமில்லை.

இனிக் கூட்டம் நடக்கும் விதத்துக்கு வருகிறேன். இது சின்ன விடயம் போலத் தெரியும். ஆனால் முதியவர்களைப் பொறுத்தவரை பங்கேற்பு பெரும்பாலும் இங்கேதான் உடைகிறது.

கூட்டம் மாலை ஆறரைக்கு என்று போடுவார்கள், வேலைக்குப் போகிறவர்களுக்கு வசதியாக. முதியவர்களுக்கு அது இருட்டிய நேரம், மருந்து எடுக்கும் நேரம், நவம்பருக்குப் பிறகு வழுக்கும் நேரம். வெளியே ஒரு நூலகத்தில் வைத்தால் நடக்கச் சிரமப்படுபவர்களை ஏற்றிச்செல்லும் வீல்-ட்ரான்ஸ் வண்டியைப் பதிந்து போக வேண்டும், அது திரும்ப ஏற்ற வரும் நேரத்துக்குக் கூட்டம் முடியாது. காலை பத்தரைக்கு, அதே கட்டடத்தின் பொது அறையில் வையுங்கள் என்று கேளுங்கள். வீட்டுக்கு வந்து பராமரிக்கும் பி.எஸ்.டபிள்யூ வரும் நேரத்தைப் பொறுத்து இரண்டாவதாக ஒரு மதியக் கூட்டமும் தேவைப்படும். கீழே இறங்க முடியாதவர்களுக்கு மாடி மாடியாக, லிஃப்டுக்கு முன்னால் நாலு கதிரை போட்டு அரை மணித்தியாலம் கதைத்தாலே போதும்.

மொழி. மேடையில் ஒருவர் பத்து நிமிடம் ஆங்கிலத்தில் விளக்குவார். பிறகு மொழிபெயர்ப்பாளரைப் பார்த்துத் தலையசைப்பார். அந்தப் பத்து நிமிடமும் மூன்று வசனமாகிவிடும். முன்வரிசையில் இருக்கும் ஐயா கையை உயர்த்தி ஒரு நீண்ட கேள்வி கேட்பார்: தன் மனைவியின் டயாலிசிஸ், அந்த ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ், தற்காலிக வீடு எங்கே. அது ஆங்கிலத்தில் "இவர் போக்குவரத்தைப் பற்றிக் கேட்கிறார்" என்று போகும். பதிவுப் புத்தகத்திலும் அப்படித்தான் ஏறும். மொழிபெயர்ப்பாளரின் பிழை மட்டும் இல்லை இது, கூட்டத்தை ஒழுங்கு செய்த விதத்தின் பிழை. தமிழ், சீனம், ரஷ்யன் என்று ஒவ்வொரு மொழிக்கும் தனி மேசை, தனிக் குறிப்பெடுப்பவர், அந்த மொழியிலேயே உரையாடல், கடைசியில் எல்லா மேசைகளும் ஒன்றாகச் சேர்ந்து கேட்பது: இப்படி வைத்தால் மறுபேச்சில்லாமல் தலையாட்டும் அம்மாமாரும் வாய் திறப்பார்கள். ரீஜன்ட் பார்க்கில் 2002-இல் முதல் கலந்தாலோசனையின்போது அங்கேயே வாழ்ந்தவர்களைச் சம்பளத்துக்கு எடுத்துப் பயிற்றி, அவரவர் சமூகத்துக்குள் அவரவர் மொழியில் கருத்துக் கேட்க அனுப்பினார்கள். அந்தத் திட்டத்தைப் பற்றி எனக்கு வேறு விமர்சனங்கள் இருக்கின்றன, ஆனால் இது சரியாகச் செய்த வேலை. உங்கள் கட்டடத்திலும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவராவது இருப்பார். அவருக்கு மணித்தியாலக் கூலி கொடுத்துக் கதவு தட்டச் சொல்லுங்கள் என்று நிர்வாகத்தைக் கேளுங்கள். இலவசமாகச் செய்யச் சொல்ல வேண்டாம். ஆலோசனை நிறுவனத்துக்குக் காசு கொடுக்கிறவர்கள் இவருக்கும் கொடுக்கலாம்.

பிள்ளைகளுக்கும் ஒரு சொல். அம்மா பேசட்டும். நீங்கள் பக்கத்திலிருந்து விளக்குங்கள், ஆனால் அவருக்காகப் பதில் சொல்லிவிடாதீர்கள். "அம்மாவுக்கு எங்கே இருந்தாலும் சரி" என்று மகன் சொல்வார். அம்மாவிடம் தனியாகக் கேட்டால், மூன்றாம் மாடிக்கு மேல் ஏற மாட்டேன் என்பார், 2013 டிசம்பரில் பனிமழை பெய்து கரண்ட் போனபோது பட்டது நினைவிருக்கிறது என்பார். லிஃப்ட் இல்லை, ஹீட்டர் இல்லை, தண்ணீர் மேலே ஏறவில்லை. கட்டடம் வரைபவர்களுக்கு அந்த நினைவு பெறுமதியானது. உயரமான குடியிருப்புகளில் 72 மணித்தியாலத்துக்கு அவசர மின்சாரம் வேண்டும் என்று ரொறன்ரோ நகரமே 2016-இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அது பரிந்துரைதான், கட்டாயம் இல்லை. உங்கள் புதுக் கட்டடத்தில் ஒரு லிஃப்டும், தண்ணீர்ப் பம்பும், சூடான ஒரு பொது அறையும் மூன்று நாள் ஓடுமா என்று 81 வயதுப் பெண்ணொருவர் எழுந்து கேட்டால், அந்தக் கேள்வியைத் தள்ளிவிடுவது யாருக்கும் கடினம்.

வீட்டுக்குள் என்ன கேட்க வேண்டும் என்பதில் முதியவர்களுக்குக் கைதேர்ந்த அறிவு இருக்கிறது. அதை வெளியே எடுக்கும் முறைதான் வேண்டும். தட்டையான வரைபடத்தைக் காட்டி "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால், "நல்லா இருக்கு" என்பார்கள். அதையே பொது அறையின் தரையில் மறைப்பு டேப்பால் உண்மை அளவுக்கு ஒட்டுங்கள். இது கட்டில், இது குசினி, இது குளியலறைக் கதவு. அப்புறம் வாக்கரோடு ஒருவரை உள்ளே நடக்கச் சொல்லுங்கள். கட்டிலுக்கும் அலுமாரிக்கும் இடையில் வாக்கர் திரும்பாது. குளியலறைக் கதவு உள்ளே திறந்தால், உள்ளே விழுந்தவரின் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும், வெளியிலிருந்து தள்ளித் திறக்க ஏலாது. அதனால் கதவு வெளியே திறக்க வேண்டும், அல்லது பக்கமாக வழுக்க வேண்டும். இதை அரை மணித்தியாலத்துக்குள் தாங்களாகவே கண்டுபிடித்துவிடுவார்கள். செலவு இரண்டு ரோல் டேப்.

ஒன்ராறியோக் கட்டட விதிகளின்படி புதிய குடியிருப்புகளில் 15 வீதமான வீடுகளில் அடிப்படை அணுகல் வசதி இருந்தால் போதும். முதியோர் கட்டடத்துக்கு இந்த 15 வீதம் கேலிக்குரிய அளவு. இன்று நடக்கிறவர் ஐந்து வருடத்தில் சக்கர நாற்காலியில் இருப்பார், அதற்காக இன்னொரு வீட்டுக்கு மாறச் சொல்வதா? எல்லா வீடுகளிலும் கைப்பிடி பூட்டத் தாங்கும்படி சுவருக்குள் பலகை வைத்துவிடுங்கள், எல்லாக் குளியலறையிலும் படியில்லாத ஷவர் வையுங்கள் என்று கேட்பது நியாயம். கட்டும்போது செய்தால் மலிவு, பிறகு உடைத்துச் செய்தால் பலமடங்கு.

நம் ஆட்களுக்கென்று சில உண்டு, அவற்றைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். அடுப்புக்கு மேலுள்ள காற்றாடி புகையை வெளியே தள்ளுகிறதா, அல்லது வடிகட்டித் திரும்பவும் குசினிக்குள்ளேயே விடுகிறதா என்று கேளுங்கள். தாளிக்கும்போது புகைமணி அடித்து, நடைபாதையில் மணம் என்று பக்கத்து வீட்டார் முறைப்பாடு கொடுத்து, அந்த மனஸ்தாபத்தில் சமைப்பதையே குறைத்துக்கொண்ட அம்மாமார் இருக்கிறார்கள். வெளியே தள்ளும் குழாய் சுவர் எழும்பும்போதே வைக்க வேண்டியது. குளியலறைத் தரையில் தண்ணீர் வடியும் துளை வேண்டும், வாளியில் தண்ணீர் பிடித்துக் குளிப்பவர்கள் பலர். சாமிப் படத்துக்கு முன் விளக்கேற்றும் இடம் புகை உணரியிலிருந்து தள்ளி இருக்கலாமா என்று கேளுங்கள். பல்கனி இருந்தால் கறிவேப்பிலைச் செடி கோடையிலாவது வெயில் பார்க்கும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரியது அறை எண்ணிக்கை. பழைய முதியோர் கட்டடங்களில் பச்சிலர் என்னும் ஒற்றை அறை வீடுகள் நிறைய. கட்டில், சாப்பாட்டு மேசை, அடுப்பு எல்லாம் ஒரே அறையில். இரவு தங்கிப் பார்க்க வரும் மகளுக்கு இடமில்லை, ஒருவர் நோயாகக் கிடந்தால் மற்றவருக்குத் தூக்கமில்லை. மாற்றுவீடு என்றால் இருந்த வகைக்கு அதே வகை என்று கணக்குப் போட்டுவிடுவார்கள். அதாவது இன்னும் அறுபது, எழுபது வருடத்துக்குப் புதிதாக அதே ஒற்றை அறை. தனிப் படுக்கையறை உள்ள வீடாகக் கட்டுங்கள் என்ற கோரிக்கையை முதல் கூட்டத்திலேயே வையுங்கள். எத்தனை வீடு கட்டலாம், அதில் எத்தனை விற்பனைக்கு என்ற முழுக் கணக்கும் இதனால் மாறும், அதனால் அவர்கள் தயங்குவார்கள். தயங்கினாலும் கேளுங்கள்.

முதியவர்களால் ஒரு கட்டடத்தையே தாங்கள் விரும்பியபடி வரைய முடியும் என்பதற்கு வட லண்டனின் ஹை பார்னெட்டில் சாட்சி இருக்கிறது. ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் சேர்ந்து, கட்டடக் கலைஞர்களோடு உட்கார்ந்து, நியூ கிரவுண்ட் என்ற 25 வீட்டுக் குடியிருப்பை உருவாக்கினார்கள். அதில் எட்டு சமூக வாடகை வீடுகள். 2016-இல் குடிபுகுந்தார்கள், முதல் பேச்சுத் தொடங்கியது 1998-இல். பதினெட்டு வருடம்! திறமையில் குறையில்லை, காலம்தான் தின்றது. நான் திரும்பத் திரும்பக் காலவரிசையைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இடைக்காலத்தைப் பற்றி ஒன்று. இடிக்கப்போகும் கட்டடத்தில் காசு போட எந்த நிர்வாகமும் யோசிக்கும். லிஃப்ட் பழுதானால் ஒட்டுப் போடுவார்கள், மூட்டைப்பூச்சிக்கு மருந்தடிப்பது தள்ளிப்போகும், காலியாகும் வீடுகளை நிரப்ப மாட்டார்கள். ஒரு மாடியில் நாலு பேர் மட்டும் மிஞ்சுவார்கள். திட்டம் ஐந்து வருடம் இழுபட்டால் ஐந்து வருடமும் இதுதான் வாழ்க்கை. ஆகவே இடிக்கும் நாள்வரை லிஃப்ட், வெப்பம், பூச்சி, பாதுகாப்பு ஆகிய நாலுக்கும் இப்போதைய தரத்தைக் குறைக்க மாட்டோம் என்ற எழுத்தைக் கேளுங்கள். புதுக் கட்டடத்தின் படத்தைவிட இது பலருக்கு உடனடியாக உதவும்.

புது வீடுகளை யார் எடுப்பது என்பதைக் குலுக்கலில் தீர்மானிப்பது இங்கே வழக்கம். பொதுவாக அது நியாயம்தான். ஆனால் முப்பது வருடமாக எதிரெதிர்க் கதவில் இருந்து, ஒருவர் கதவு காலை ஒன்பதுக்குத் திறக்காவிட்டால் மற்றவர் தட்டிப் பார்க்கும் இரண்டு பெண்களைக் குலுக்கல் பிரித்துவிடும். இருவர் மூவராகச் சேர்ந்து ஒரு சீட்டாகக் குலுக்கலில் நிற்க அனுமதியுங்கள் என்று கேட்கலாம். காசு செலவில்லாத கோரிக்கை இது.

கட்டடத்தில் குடியிருப்பாளர் குழு ஒன்று இல்லாவிட்டால் தொடங்குங்கள். ஐந்து பேர் போதும், ஆனால் ஒரே மொழிக்காரராக இருக்க வேண்டாம். தமிழர் ஐந்து பேர் கேட்டால் அது தமிழரின் முறைப்பாடாகிவிடும், மாடிக்கொருவராகக் கேட்டால் கட்டடத்தின் கோரிக்கையாகும். ஒவ்வொரு கூட்டத்திலும் சொன்னதைத் திகதியோடு நீங்களே எழுதி வையுங்கள், அடுத்த கூட்டத்தின் தொடக்கத்தில் "போன தரம் கேட்டதில் எதை ஏற்றீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன்?" என்று வாசித்துக் கேளுங்கள். திரும்பி வரும் உரிமை பற்றிய ஒப்பந்தம் வந்தால், கையெழுத்துக்கு முன் உங்கள் பகுதிச் சமூகச் சட்ட உதவி நிலையத்தில் காட்டுங்கள். குறைந்த வருமானக்காரருக்கு அது இலவசம்.

இன்றைக்குச் செய்ய வேண்டியது ஒரு கடிதம். ஐந்து கேள்வி போதும்: எத்தனை தரம் மாற வேண்டும், இடையில் எங்கே, எத்தனை மாதம், வாடகை எவ்வளவு, இவற்றை யார் எப்போது முடிவு செய்கிறார்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, அம்மாவின் கையெழுத்தோடு கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே அனுப்பி, பிரதி ஒன்றை உங்கள் நகரசபை உறுப்பினரின் அலுவலகத்துக்கும் கொடுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். பதில் வராவிட்டால் கூட்டத்தில் படங்களுக்கு முன் அந்தக் கடிதத்தை எடுங்கள். அம்மா தமிழில் வாசிக்கட்டும், அதை ஆங்கிலத்தில் சொல்வது மொழிபெயர்ப்பாளரின் வேலை.